முடிச்சு மட்டும் தெரியவில்லை

பதினாறு வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலை ஒட்டிய கோவிந்தசாமி பிள்ளை மண்டபத்திலிருந்து ஈசூன் முருகன் கோயில் வரை, சிங்கப்பூரில் தாலி கட்டும் இடம் எதுவும் எனக்குப் புதிதல்ல. எந்த மண்டபத்தில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது, எந்த மேடையில் பின்வெளிச்சம் முகத்தை இருட்டாக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

2021இல் கொவிட் கட்டுப்பாடுகளால் கல்யாணங்கள் சுருங்கிப்போயின. கையில் வேலை இல்லை. சரி, அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளையாவது ஒழுங்குபடுத்துவோம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் தாலி கட்டும் இடத்தை மட்டும் தேடி எடுத்து ஒரு மாதிரித் தொகுப்பு செய்யலாம், விளம்பரத்துக்கு ஆகும் என்று எண்ணம்.

கெட்டிமேளம் என்று குரல் எழும். தவில் உச்சத்துக்குப் போகும். அட்சதை பறக்கும். அந்தச் சில நொடிகளை விட்டால் என் தொழில் போச்சு. அதனால் இரண்டு கேமரா, பெரிய கல்யாணமென்றால் மூன்று. அப்படி எடுத்த நாற்பது கல்யாணங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் முழங்கை தெரிகிறது. பெண்ணின் குனிந்த தலை தெரிகிறது. பின்னால் விளக்குப் பிடிக்கும் நாத்தனார், செல்பேசியை நீட்டிக்கொண்டு நுழையும் மாமா, கொண்டைப்பூ, அட்சதை, எல்லாம் இருக்கிறது. மாப்பிள்ளை போடும் முதல் முடிச்சோ, நாத்தனார் போடும் மற்ற இரண்டோ, ஒரு கல்யாணத்தில்கூடத் தெரியவில்லை. எதையும் விடக்கூடாது என்று ஓடிக்கொண்டே இருந்ததில், எதற்காக அங்கே போனேனோ அதையே நான் பார்த்ததில்லை.

இது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. கலை, கண்காட்சி என்றெல்லாம் யோசிக்கிற ஆள் அல்ல நான். ஆனால் அந்த டிசம்பரில் தேசிய கலைக்கூடத்தில் ‘நாம் ஜூன் பைக்’ என்ற வீடியோக் கலைஞரின் கண்காட்சி தொடங்கியது. பொழுது போகாமல் போனேன். சோலில் 1932இல் பிறந்தவர், இசை படிக்க ஜெர்மனிக்குப் போனவர், பிறகு நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1963இல் வுப்பர்டால் நகரில் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் குடைந்து, படத்தைக் கோணலும் கோடுமாக மாற்றி ஒரு கண்காட்சி வைத்தார். தோளில் மாட்டிக்கொண்டு படம் பிடிக்கும் வீடியோ கேமரா அப்போது கடைக்கே வரவில்லை! செடிகொடிகளுக்கு நடுவே தொலைக்காட்சிகளைப் பூத்த மாதிரி வைத்திருந்த தோட்டத்தில் நான் அரை மணி நேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் பதில் இல்லை.

அவர் செய்ததில் எனக்கு நன்றாகப் பிடிபட்டது 1974ஆம் ஆண்டின் புத்தர்தான். ஒரு புத்தர் சிலை, எதிரே ஒரு தொலைக்காட்சி, அதன் பின்னால் ஒரு கேமரா. கேமரா புத்தரைப் படம் பிடிக்கிறது, புத்தர் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நம் கல்யாணங்களில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைக்கிறோமே, அதில் தன் முகம் வருகிறதா என்று சீர்த்தட்டைப் பிடித்தபடியே கழுத்தைத் திருப்பும் பெரியப்பாக்களை எத்தனை பேரை நான் படம் பிடித்திருக்கிறேன். என் தொழிலில் தினமும் நடக்கும் ஒன்றை இன்னொருவர் அசையாமல் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறார். அங்கேதான் எனக்கு ஏதோ திறந்தது.

அதன் பிறகு இரண்டு வருடம் வீடியோக் கலைஞர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தேடித் தேடிப் பார்த்தேன். நம் ஊர்க்காரர்களே போதும் போல இருந்தது. மிங் வோங் என்றொருவர். அந்தக் கால மலாய்த் திரை நட்சத்திரம் பி. ராம்லியின் நான்கு படங்களிலிருந்து 16 பாத்திரங்களை எடுத்து, எல்லாவற்றையும் தானே நடித்து, சரளமாக வராத மலாயில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் படம் பிடித்தார். (அந்த ராம்லிக்கு முதல் கதாநாயக வேடம் தந்தவர் எல். கிருஷ்ணன் என்ற நம்மவர், 1950இல். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.) 2009இல் வெனிஸ் பியனாலே என்ற அனைத்துலகக் கலைக் கண்காட்சியில் மிங் வோங் வைத்த ஒரு படைப்பில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று ஆண் நடிகர்கள், ஒரு அம்மாவும் மகளும் பேசும் காட்சியை வேடம் மாற்றி மாற்றி நடிக்கிறார்கள். யார் அம்மா, யார் மகள் என்று நமக்குத் தலை சுற்றும். அதற்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. பட்ஜெட் இல்லையே, ஆள் இல்லையே என்று புலம்பும்போதெல்லாம் அந்தப் பதினாறு வேடத்தை நினைத்துக்கொள்வேன்.

சார்ல்ஸ் லிம் வேறு ரகம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர். 2005இல் கடலைப் பற்றி ஒரு தொடர் வேலையைத் தொடங்கி, பத்து வருடம் கழித்து 2015இல் வெனிஸில் அதைக் காட்டினார். கடல் எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதை 0 முதல் 9 வரை எண்ணால் சொல்லும் வானிலைக் கணக்கு ஒன்று உண்டு, தொடரின் பகுதிகளுக்கு அந்த எண்களையே வைத்தார். மண் கொட்டியதில் காணாமல் போன தீவு, ஜூரோங்கில் கடலுக்கு அடியில் குடைந்த எண்ணெய்க் குகை, மழைநீர் ஓடும் லோங்காங் எல்லாம் அவருக்குக் கடல்தான். ஒரே விஷயத்தில் பத்து வருடம்! நான் ஒரு கல்யாணத்தை ஆறு வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறவள்.

ஹோ சு நியென் படமே பிடிக்காமல் படம் செய்கிறார். தென்கிழக்காசியாவுக்கு ஓர் அகராதி மாதிரி, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்து, இணையத்தில் கிடைக்கும் காட்சிகளை ஒரு கணினி நிரல் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோத்துத் தரும்படி செய்திருக்கிறார். அதைப் பார்த்ததும் என் ஹார்ட் டிஸ்க்குகள்தான் ஞாபகம் வந்தன. முந்நூறு தாலிகள். அவற்றை அடுத்தடுத்து ஒட்டினால்? கெட்டிமேளம் நிற்காமல் ஒரு மணி நேரம்?

இந்த யோசனையோடு நான்கு மாதம் சுற்றினேன், பிறகு கைவிட்டேன். காரணம் எளிது, அந்தக் காட்சிகள் என்னுடையவை அல்ல. எடுத்தது நான், ஆனால் அந்த முகங்கள் அந்தக் குடும்பங்களுடையவை. அவற்றில் பிரிந்துபோன ஜோடிகள் இருக்கிறார்கள். தாத்தாவைக் கடைசியாக உயிரோடு காட்டும் காட்சி இருக்கிறது. முந்நூறு வீட்டுக்குப் போன் போட்டு அனுமதி கேட்க எனக்குத் தெம்பில்லை, கேட்காமல் பயன்படுத்த மனசில்லை. வாடிக்கையாளர் காட்சிகளைச் சேர்த்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒப்பந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அவர்கள் சம்மதமா இல்லையா என்று. பிற்பாடு கேட்பது ரொம்பக் கஷ்டம்.

பிறகு நடந்தது தற்செயல். 2024 ஜனவரியில் அப்பாவைத் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்குக்கு அழைத்துப்போனேன். சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் 2022 முதல் அந்தத் துறைமுகக் கிடங்குக் கட்டடத்தில் நடக்கிறது. அப்போது ஹோ சு நியெனின் பெரிய கண்காட்சி. 1835இல் கோல்மன் என்ற நில அளவையாளரின் கூட்டத்தின்மேல் காட்டில் ஒரு புலி பாய்ந்த கதையை வைத்து ஒரு படைப்பு. அளவைக் கருவிதான் உருண்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை. அந்தச் சம்பவத்தைக் காட்டும் பழைய ஓவியத்தில் கோல்மனோடு மிரண்டு விழுகிறவர்கள் இந்தியக் கைதிகள். அப்பாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. "அப்பவே நம்ம ஆளுங்க இங்க ரோடு போட்டிருக்காங்க பாத்தியா" என்றார். புலியைப் பார்க்க நான்கு நிமிடம்.

மீதி நேரம் முழுக்க ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். அப்பா 1969இல், இருபத்தொரு வயதில், துறைமுகத்தில் சேர்ந்தவர். அப்போது சரக்கெல்லாம் மூட்டையும் பெட்டியும் பீப்பாயும். கயிற்றில் கட்டித்தான் தூக்குவார்கள். 1972 ஜூனில் முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தது. "அதுக்கப்புறம் கயித்துக்கு வேலை இல்லம்மா, பெட்டிக்குத்தான் வேலை" என்றார். சொல்லிக்கொண்டே, அந்தக் காலத்தில் மூட்டையை எப்படிக் கட்டுவார்கள் என்று காட்டினார். கையில் கயிறு இல்லை. வெறும் காற்றில் இரண்டு கையும் சுற்றி, நுழைத்து, இழுத்து, விட்டன. பத்து நொடி இருக்கும். "இதுக்குப் பேரு போலைன்."

அந்தப் பத்து நொடியில் நான் ஒரு முடிச்சைப் பார்த்தேன், கயிறே இல்லாமல்.

மறுநாளே ஜாலான் புசார் பக்கம் போய்க் கயிறு வாங்கினேன். முதலில் வாங்கியது தப்பு. "இது நைலான் லா பாப்பா, வழுக்கும். மணிலாக் கயிறு வாங்கிட்டு வா" என்றார் அப்பா. மணிலாக் கயிறு பழுப்பாக, நார் நாராக, கைக்குக் குத்தலாக இருக்கும். படத்துக்கும் அதுதான் நல்லது. நைலான் வெளிச்சத்தில் பளபளத்து வெறும் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

எங்கே எடுப்பது? துறைமுகத்துக்குள் கேமராவோடு போக முடியாது, அது காவல் உள்ள இடம். நான் முயற்சியும் செய்யவில்லை. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசை ஒன்று இருக்கிறது. அப்பா தினமும் காலையில் உட்காரும் இடம். நகர மன்றத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டேன். ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஒரு வயசாளிக்கு எதற்கு அனுமதி என்று தோன்றும். ஆனால் யாராவது வந்து கேட்டால் அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும், எனக்கு அன்றைய வெளிச்சம் போய்விடும்.

முதல் காலை முழுக்க வீண். குளிர்சாதன அறையில் தூங்கிய கேமராவை அப்படியே கீழே எடுத்துப்போனேன். லென்ஸ் முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆவி. துடைத்தால் மறுபடி படிகிறது. மண்டபத்தில் இந்தத் தொல்லை வராது, உள்ளேயும் குளிர்தானே. அதற்குப் பிறகு முந்தின ராத்திரியே கேமராவை ஜிப் பையில் போட்டு, குளிரில்லாத ஹாலில் வைத்துவிடுவேன். மற்ற நாளில் அது உலர்பெட்டியில்தான் இருக்கும், ஈரப்பதம் 45 சதவீதத்தில். நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்கிற செலவில் பழைய லென்ஸே ஒன்று வாங்கலாம்.

இரண்டாம் காலை, இன்னொரு கூத்து. நான் இரவல் வாங்கியிருந்த கேமரா நொடிக்கு 30 பிரேமில், ஷட்டர் 1/60இல் வைத்திருந்தது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் அப்பாவின் கைமேல் கரும்பட்டைகள் ஊர்கின்றன. நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீழ்த்தள விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கிறது, கேமராவின் துடிப்பு அதோடு பொருந்தவில்லை. 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றினால் தீர்ந்தது. பதினாறு வருட அனுபவக்காரி செய்கிற தப்பா இது என்று கேட்கலாம். என் கேமராவாக இருந்தால் செய்திருக்க மாட்டேன், அது எப்போதோ சரியாக வைத்தது. இரவல் பொருளை நம்பியது தப்பு.

மொத்தம் ஒன்பது காலைகள். அப்பா ஐந்து முடிச்சுகள் போட்டார். போலைனைத் தவிர மற்றவற்றுக்கு அவருக்கே பெயர் மறந்துவிட்டது, கைக்கு மறக்கவில்லை. மூன்றாம் நாள், "எத்தன தடவம்மா ஒரே முடிச்ச போடுறது? உனக்குப் பைத்தியமா?" என்றார். ஆறாம் நாள் அவரே, "நேத்து சரியா வரல, இன்னொரு தடவை போடுறேன்" என்றார். அது வரைக்கும் காத்திருக்கத் தெரிந்ததுதான் இந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஐந்தாம் நாள் வரை எடுத்ததில் ஒன்றும் தேறவில்லை. கேமராவுக்காகப் போட்ட முடிச்சுகள் அவை.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ்த்தளம் என்பது எதிரொலிக் கூடம். லிஃப்ட் மணி, தள்ளுவண்டி, மேலே யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம். அதற்கு மேல் விடியற்காலைக் குயில். சிங்கப்பூர்க் குயிலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆறு மணிக்கே ஊரைக் கூட்டும். முதலில் குயிலை நீக்கப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஆனால் கயிற்றின் சத்தம் கேமரா மைக்கில் வரவே இல்லை. மேசைக்கு அடியில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை ஒட்டி வைத்தேன். நார் கல்லில் உரசும் ஒலி அப்படித்தான் கிடைத்தது. படத்தைக் கண்ணால் பார்ப்பதாக நினைக்கிறோம், அந்த உரசல் இல்லாமல் போட்டுக் காட்டியபோது என் கணவர் செல்பேசியை எடுத்துவிட்டார்.

முதல் தொகுப்பு 34 நிமிடம் வந்தது. அப்பாவின் பேட்டி, பழைய அடையாள அட்டை, கறுப்பு வெள்ளைப் படம், பின்னணியில் வீணை. கலைக்கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் சிநேகிதியிடம் காட்டினேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்க அப்பா ஏன் பேசிக்கிட்டே இருக்காரு?" எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு பேட்டியை எடுத்தேன், வீணையை எடுத்தேன், அடையாள அட்டையை எடுத்தேன். முகத்தையும் எடுத்தேன். கை, கயிறு, கல் மேசை. 11 நிமிடம்.

நடுவில் ஸ்லோமோஷன் ஆசையும் வந்தது. பில் வயோலா என்ற அமெரிக்க வீடியோக் கலைஞர் 1995இல் மூன்று பெண்கள் தெருவில் சந்திக்கும் முக்கால் நிமிடக் காட்சியை ஏறக்குறைய பத்து நிமிடமாக விரித்துக் காட்டினார், அது வேறொரு உலகம். ஆனால் அவர் அதை அதிவேகக் கேமராவில் அதற்கென்றே எடுத்தார். 25 பிரேமில் எடுத்ததை எடிட்டிங்கில் இழுத்தால் கை எல்லாம் குழைந்துபோகும். நான் இழுத்துக் காட்டியபோது அப்பா, "என்ன இது, எனக்கு வாதம் வந்த மாதிரி இருக்கு" என்றார். அதோடு அந்த ஆசை முடிந்தது.

கல்யாண வீடியோவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தொடக்கத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளையார் படத்தில் ஆரம்பித்தால் எல்லாரும் பிள்ளையாரிலிருந்து பார்ப்பார்கள். கண்காட்சியில் ஆள் எப்போது வேண்டுமானாலும் நுழைவார், எப்போது வேண்டுமானாலும் போவார். டிஸ்ட்ரிபார்க்கில் ஒரு மத்தியானம் முழுக்க வாசல் ஓரமாக நின்று இதைக் கவனித்தேன். பலர் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உட்கார இடம் இருந்த அறையில்தான் ஆள் நின்றார்கள். கிறிஸ்டியன் மார்க்லே 2010இல் ஆயிரக்கணக்கான படத் துணுக்குகளைக் கோத்து 24 மணி நேரப் படைப்பு ஒன்று செய்தார். திரையில் வரும் கடிகாரம் காட்டும் நேரமும் நம் கைக்கடிகார நேரமும் ஒன்றாகவே ஓடும். எப்போது நுழைந்தாலும் அதுதான் சரியான நேரம். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு சின்ன வேலை செய்தேன். என் படத்தின் முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் ஒன்றே, அவிழ்ந்த கயிறு மேசைமேல் கிடக்கிறது. போலைனின் அழகே அதுதான், எவ்வளவு பாரம் தாங்கினாலும் இறுகிப்போகாமல் அவிழும். அதனால் ஓட்டம் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் ஆறு பேர் சேர்ந்து ஒரு கூட்டுக் கண்காட்சி. எனக்கு ஓர் அறை. படம் முடிந்துவிட்டதே, இனி மாட்டுவதுதானே என்று நினைத்தேன். பாதி வேலை அங்கேதான் இருந்தது.

ப்ரொஜெக்டர் வாங்கும் முன், வாடகைக்கு எடுக்கும் முன், அதன் எறிதூர விகிதத்தைக் கேளுங்கள். 1.5 என்றால், 2.6 மீட்டர் அகலப் படத்துக்கு 3.9 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். என் அறை ஆழம் 4.2 மீட்டர், தப்பித்தேன். கோணல் படத்தைக் கீஸ்டோன் பொத்தானில் நிமிர்த்தாதீர்கள், கூர்மை போய்விடும். ப்ரொஜெக்டரையே நேராக வையுங்கள். நான் முதலில் அதை ஒரு தாங்கியில் தரையில் நிறுத்தினேன். கடைவீட்டுத் தரை பழைய மரப்பலகை. யாராவது நடந்தால் தரை ஆடும், ப்ரொஜெக்டர் ஆடும், அப்பாவின் கை நடுங்கும். பார்த்தவர்கள் முதுமையின் நடுக்கம் என்று நினைத்து உருகியிருப்பார்கள்! சுவரில் இரும்புத் தாங்கி அடித்து மேலே ஏற்றினோம். ப்ரொஜெக்டர் இருந்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளமும் வைத்தோம், யாராவது தட்டிவிட்டால் திரும்ப வைக்க.

படத்தை என் மடிக்கணினியிலிருந்து ஓடவிட்டது நான் செய்த பெரிய முட்டாள்தனம். மூன்றாம் நாள் மத்தியானம், காவலுக்கு இருந்த மாணவி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அப்பாவின் கைகளுக்கு மேலே, இரண்டரை மீட்டர் சுவரில், கணினியைப் புதுப்பிக்கவா வேண்டாமா என்று கேட்கும் ஒரு பெட்டி. எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ. அன்றைக்கே ஒரு சிறிய மீடியா பிளேயரை இரவல் வாங்கினேன். மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும், நடுவில் கறுப்பு விழாமல் சுற்றும், வேறொன்றும் அதற்குத் தெரியாது. காலையில் திறப்பவர் ஒரே ஒரு சுவிட்சைத் தட்டினால் எல்லாம் எழுந்திருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் அமையுங்கள்.

பக்கத்து அறைப் படைப்பில் பறையும் கூட்டமும் அதிர்ந்தன. என் கயிறு உரசல் எங்கே கேட்கும்? சண்டை போடலாமா என்று நினைத்து, பிறகு இருவரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். அவர் ஒலிபெருக்கியை எதிர்ச்சுவருக்குத் திருப்பினார். நான் என்னுடையதைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். உட்கார்ந்தால் கயிறு கேட்கும், நின்றால் பறை கேட்கும். அதனாலேயே சிலர் உட்கார்ந்தார்கள். பொதுமக்களுக்குக் காட்டும் படங்களுக்கான வகைப்பாட்டு விதிகளையும் இடம் தருபவரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் எல்லாருக்கும் இரத்த அழுத்தம்.

காசு விஷயம்? ஒன்றும் விற்கவில்லை. வீடியோக் கலையை ஓவியம் மாதிரி ஒரே பிரதியாக விற்பதில்லை, மூன்று அல்லது ஐந்து பிரதி என்று எண்ணிக்கை வைத்து, சான்றிதழோடு விற்பார்கள். நானும் மூன்று என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்றும் என்னிடமே இருக்கின்றன. கூடவே ஒரு பக்கக் குறிப்புத் தாள் எழுதினேன். படத்தின் அகலம் இவ்வளவு, ஒலிபெருக்கி இங்கே, பெஞ்சு இத்தனை உயரம் என்று. பைக் 1988இல் கொரியாவில் 1,003 தொலைக்காட்சிகளைக் கோபுரமாக அடுக்கிச் செய்த படைப்பு, பழைய பெட்டிகள் பழுதாகி 2018இல் அணைக்கப்பட்டு, பழுதுபார்த்து 2022இல்தான் மறுபடி எரிந்தது. அவருக்கே அந்த நிலைமை. என் மீடியா பிளேயர் செத்த பிறகு என் மகள் அந்தத் தாளை வைத்து எதையாவது செய்வாளா, தெரியாது.

அப்பாவைக் கடைசி வாரம் சனிக்கிழமைதான் அழைத்துப்போக முடிந்தது, முழங்கால் வலி. கடைவீட்டு மாடிப்படி செங்குத்து. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு சுற்று முழுதாகப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை, இரண்டாம் சுற்றும் ஓடியது. நான் வாசலில் நின்றேன். கலங்கிவிட்டாரோ என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

"பாப்பா, இங்க வா."

போனேன்.

"இது என் கை இல்லையே."

"உங்க கைதாம்பா."

"நான் என்ன இடதுகைக்காரனா? வாட்ச் பாரு, எந்தக் கையில இருக்கு?"

பார்த்தேன். வாட்ச் வலது கையில் இருந்தது. அந்த அறையின் ஜன்னல் இடப்பக்கம். சுவரில் விழும் படத்திலும் வெளிச்சம் இடப்பக்கமிருந்தே வந்தால் நன்றாக இருக்குமே என்று, எடிட்டிங்கில் படம் முழுவதையும் இட வலமாகத் திருப்பியிருந்தேன். ஒரு கிளிக். பல மாதமாக அந்தக் கைகளை பிரேம் பிரேமாகப் பார்த்திருக்கிறேன். வாட்ச்சைக் கவனிக்கவே இல்லை.

"இப்படிப் போட்டா சுத்து எதிர்ப்பக்கம் போவுது. என்கூட வேலை பாத்தவன் எவனாவது பாத்தா சிரிப்பான்" என்றார்.

அன்று ராத்திரி படத்தைப் பழையபடி திருப்பி, மறுபடி ஏற்றுமதி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, திறப்பதற்கு நாற்பது நிமிடம் முன்னால் போய், ஏணி போட்டு ஏறி, மீடியா பிளேயரின் கார்டை மாற்றினேன். வெளிச்சம் இப்போது வலப்பக்கமிருந்து வந்தது, ஜன்னலோடு ஒட்டவில்லை, படம் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு நாள்தான் கண்காட்சி. வீட்டுக்கு வந்ததும் அப்பா நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேம்பா."

"ம்" என்றார். பக்கத்தைத் திருப்பினார்.